தீமை யார் கணக்கில்?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

தீமை எங்கிருந்து வந்தது, அதற்கு ஆத்திகரும் நாத்திகரும் கூறும் விடை யாது என்பது எமக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பற்றிப் பேசப் புலவர் ஒருவரை அழைத்திருந்தனர். அவர் உடல்நலக் குறைவால் வர இயலவில்லை. புலவர்க்குப் பதிலாகப் புகைவண்டிக் குமாஸ்தா வந்து நிற்கின்றோம். பத்தாம் வகுப்பிற்கு மேல் யாம் படித்தோமில்லை. ஆயினும் செயலாளர் கேட்டபோது மறுக்கத் தோன்றவில்லை. ஏனெனில், இருபது ஆண்டுகளாக எம் சாளரத்தின் முன் வந்து நிற்போர் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். வண்டி ஏன் தாமதம்? மழையாலா, மனிதராலா? மனிதராலெனில் எவரால்?

எங்கள் துறையில் பெரும் விபத்து நேர்ந்தால் அதனை ஆராய்பவர் இரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் இரயில்வே அமைச்சின் கீழ்ப் பணிபுரிபவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருப்பவர். குற்றம் சாட்டப்படக்கூடியவனே தன் வழக்கிற்கு நீதிபதியாதல் ஆகாது என்பது இவ்வேற்பாட்டின் கருத்து. கடவுள்மேல் தொடுக்கும் வழக்கிற்கு மட்டும் இப்படியோர் ஆணையர் அகப்படுவதில்லை. பக்தர் விசாரித்தால் கடவுளுக்கு விடுதலை. நாத்திகர் விசாரித்தால் எதிர்வழக்காடுபவரே இல்லையென்று வழக்குத் தள்ளுபடி!

கேள்வி மிகப் பழையது. கிரேக்க நாட்டு எபிகூரசின் பெயரால் ஒரு வாதம் வழங்குகின்றது. தீமையை நீக்கக் கடவுளுக்கு விருப்பம் இருந்தும் ஆற்றல் இல்லையெனில் அவர் எல்லாம் வல்லவர் ஆகார். ஆற்றல் இருந்தும் விருப்பம் இல்லையெனில் நல்லவர் ஆகார். இரண்டும் உண்டெனில் தீமை ஏன் இருக்கின்றது? இதற்குச் சைவர், செம்பில் களிம்பு போல ஆணவ மலம் தொன்றுதொட்டே உயிரைப் பற்றியுள்ளது, அதனை இறைவன் ஆக்கவில்லை, நீக்கவே வருகின்றான் என்பர். கிறித்தவர், மனிதனுக்குத் தன் விருப்பம்போல் நடக்கும் உரிமை அளிக்கப்பட்டது, அவன் அதனைப் பிழைபடப் பயன்படுத்தினான் என்பர். இசுலாமியர் இவ்வுலக வாழ்வைச் சோதனை என்பர். சமணரும் பௌத்தரும் உலகைப் படைத்தவன் ஒருவனைக் கொள்ளாமையால் அவர்கட்கு எபிகூரசின் தொல்லை இல்லை. வினை மட்டும் உண்டு. நாத்திகரோ, மேலே தேடாதீர், பசி, அறியாமை, உடைமை, அதிகாரம் ஆகியவற்றைத் தேடுங்கள் என்பர்.

இவற்றுள் எது மெய்யென்று தீர்ப்புரைக்க எமக்குத் தகுதி இல்லை. இவ்விடைகளை நாம் எந்த வேளையில், எவர்மேல் எடுத்துப் பயன்படுத்துகின்றோம் என்பதொன்றே எம் கவலை.

நம் இடுக்கி எல்லையிலேயே தொடங்குவோம். குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுமதியன்று மட்டும் மக்கள் ஏறிச்செல்ல இசைவு உண்டு. குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் செல்வர். இரு மாநிலக் காவலரும் வழிநெடுக நிற்பர். சிலம்பு கூறும் இடம் இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசன் 1963ஆம் ஆண்டில் கண்டு கூறினார். நம்மிற் பலர் அம்மலைக்குச் சென்று வந்தவர்களே.

அக்கதையில் கோவலன் எவ்வாறு மாண்டான்? கள்வன் என்று ஒருவன் கூறினான். விசாரணை இன்றிக் கொன்றார்கள். பின்னர் மதுரை எரிகையில் மதுராபதித் தெய்வம் தோன்றிக் கண்ணகிக்குக் காரணம் உரைக்கின்றது. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயருடையவனாயிருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்கூறிக் கொலைப்படுத்தினான்; சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் பலித்தது என்கின்றது. ஊழ்வினைக்கு இதைக் காட்டிலும் தெளிந்த விளக்கம் தமிழில் வேறு உண்டோ என்று ஐயுறுகின்றோம். ஆனால் அவ்விளக்கம் கதையில் எவ்விடத்தில் வருகின்றது என்பதைக் காண்க. கண்ணகி அரசவைக்குச் சென்று சிலம்பை உடைத்துக் காட்டிய பின், பாண்டியன் குற்றவாளி தானே என்று ஏற்று உயிர் துறந்த பின், வருகின்றது. நெடுஞ்செழியன் விரும்பியிருந்தால், "உன் கணவனை அவன் வினை கொன்றது, யாம் வெறும் கருவி" என்று கூறியிருக்கலாம். தெய்வமே பின்னர் வந்து அவனுக்குச் சான்று கூறியிருக்கும். அவன் அந்த வாயிலை நாடவில்லை.

எங்கள் துறையிலும் ஒருவரை யாம் நினைத்துக்கொள்வதுண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், அரியலூரை அடுத்து மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலம் தகர்ந்து, தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளத்தை இலால் பகதூர் சாஸ்திரி அனுப்பினாரல்லர். ஆயினும் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். எம் தந்தையார் இதனை எமக்குப் பன்முறை கூறியிருக்கின்றார். அவரும் இரயில்வேயில் உழைத்தவரே.

இனி மூணாற்று மலைக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. மாண்டோர் 70 பேர். அவருள் நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. கயத்தாறு முதலிய ஊர்களிலிருந்து தலைமுறைகட்கு முன் மலையேறிய நம் தமிழ் மக்கள் அவர்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை; வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாட் காலையில். எம் தாய்வழி உறவினர் அம்மலையின் வேறொரு தோட்டத்தில் இருந்தமையால் யாமும் சில நாட்களில் அங்குச் சென்றோம். அங்கு ஒரு பெரியவர், நல்லவர், திருநீறு பூசியவர், எம் தோளைத் தொட்டு, "எல்லாம் அவங்க கொண்டு வந்த வினை, தம்பி" என்றார். இரங்கித்தான் கூறினார். ஆனால் அருகில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் நின்றிருந்தாள். அவள் காதில் அச்சொல் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை இன்றளவும் எண்ணிப் பார்க்கின்றோம். குவி என்னும் நாய் ஒன்று நாட்கணக்கில் அலைந்து தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைக் கண்டுபிடித்துக் காட்டிய செய்தியை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த நாய் யாருக்கும் காரணம் கூறவில்லை.

காரணம் கூறுதல் பெரியோரையும் விட்டதில்லை. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரில் நிலநடுக்கம். அம்மாதம் 24ஆம் நாள் காந்தியடிகள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை இது என்னும் கருத்துப்படக் கூறினார். தீண்டாமையை ஒழிக்கத் தம் உடலையும் உயிரையும் தந்தவர் அவர். ஆயினும் இரவீந்திரநாத தாகூர் இதனை ஏற்கவில்லை; இயற்கையின் நிகழ்ச்சிக்கு ஒழுக்கக் காரணம் கற்பிப்பது பகுத்தறிவுக்கு மாறானது என்று மறுத்தெழுதினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம் அரிஜன் இதழிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். எம் எளிய கருத்தில் அவ்வழக்கில் வென்றவர் தாகூரே. தீண்டாமைக்குத் தண்டனையெனில், தீண்டப்படாதார் குடிசையும் ஏன் வீழ்ந்தது?

இத்தகைய கணக்கை நம் ஊரில் போட்டுப் பார்ப்போமாயின் வேடிக்கையாக முடியும். 1924ஆம் ஆண்டு சூலையில் மலையாள நாடெங்கும் பெருவெள்ளம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் அவ்வெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. அதே ஆண்டின் கார்த்திகையை ஒட்டி, நம் கல்பாத்தித் தேர்த் திருவிழாவில், தெருவில் நடக்க வந்த ஈழவ மக்களை அடித்து விரட்டினார்கள். விரட்டியவர்கள் தமிழ் பேசியவர்கள். வெள்ளம் தண்டனையெனில், தண்டனை முந்தியும் குற்றம் பிந்தியும் வந்தன என்றாகும். இதனை இந்த மேடையில் கூறியதற்கு எவரேனும் வருந்தினால் பொறுத்தருள்க. பிறர் நமக்கு இழைத்ததைப் பேசும் விழாவில், நம்மவர் இழைத்ததற்கும் சிறிது நேரம் ஒதுக்கலாம் என்று எண்ணினோம். பிறப்பால் தாழ்ந்தவன் முன்வினையால் தாழ்ந்தான் என்னும் சொல் அன்று அத்தெருவிற்கு வேலியாக நின்றது. பெரியார் ஈ.வெ.ரா. வினைக்கொள்கையை வெறுத்ததற்கு இதுவே காரணம். ஒடுக்கப்பட்டவன் வாயை அது அடைத்துவிடும் என்றார். இவ்வளவில் யாம் அவரோடு உடன்படுகின்றோம். எம் இல்லத்தில் விளக்கேற்றி வழிபடுகின்றவர்களாயினும்.

பெட்டிமுடியை இன்னும் முடித்தோமில்லை. 1755ஆம் ஆண்டு போர்த்துகல் நாட்டு இலிசுபன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தபோது, வால்டேர் கடவுளின் நன்மையைக் குறித்து ஐயுற்றுப் பாடினார். ரூசோ அவருக்கு எழுதிய மடலில், ஆறேழு அடுக்கு வீடுகளை நெருக்கி நெருக்கி அங்குக் கட்டியது இயற்கையன்று என்னும் கருத்தைக் கூறினார். இவ்விரண்டு வரிச் செய்தியை ஒரு நூலகப் புத்தகத்தில் படித்தபோது எமக்கு லயம் நினைவுக்கு வந்தது. மழை பெய்தது, மலை சரிந்தது, அது வானத்தின் கணக்கு. அம்மலையின் அடியில், ஒற்றைச் சுவருக்கு இருபுறமும் குடும்பங்கள் வாழும் வரிசை வீட்டை அமைத்ததும், தலைமுறை கடந்தும் அவர்கட்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதிருந்ததும் எவர் கணக்கு? மறுநாள் ஆகஸ்டு 7ஆம் நாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளாயிற்று. விமானத்தில் மாண்டோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சமும் பெட்டிமுடியில் மாண்டோர் குடும்பத்திற்கு ஐந்து இலட்சமும் என மாநில அரசு அறிவித்தது. இரண்டிடத்தும் மாண்டோர் மனிதரே. அந்தப் பாதித்தொகையைக் குறித்தது வானமன்று.

மனிதர் கையால் நேரே விளைந்த தீமைக்கு வருவோம். நம் பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியை நீங்கள் அறிவீர்கள். ஆனைக்கட்டிக்கு இப்பால், கோவைக்கு அண்மையது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், மது என்னும் பழங்குடி இளைஞரை, மனநலம் குன்றிக் காட்டுக் குகையில் தனித்து வாழ்ந்தவரை, கடையில் அரிசி முதலியவற்றைத் திருடினார் என்று கூறிச் சிலர் காட்டினுட் புகுந்து பிடித்தனர். கைகளைக் கட்டினர்; அடித்தனர்; முக்காலி வரை நடத்திக்கொண்டு வந்தனர். அவரோடு நின்று தம்மைத் தாமே படமும் எடுத்துக்கொண்டனர். பின்னர்க் காவலரிடம் ஒப்படைத்தனர். மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் அவர் மாண்டார். கள்வன் என்று கூறினார்கள், விசாரணையில்லை, கொன்றார்கள். கண்ணகி கதையை யாம் ஏன் முன்னர்ச் சொன்னோம் என்பது இப்போது விளங்கும்.

எம் அலுவலக நண்பர் ஒருவர் கடவுள் மறுப்பாளர், நிறையப் படித்தவர். அவர் கூறினார்: "1951இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கும் குறைவு. நிலம் போயிற்று, காடு போயிற்று, பசி வந்தது. அரசும் சந்தையும் செய்த கொலை இது." அவர் கூறியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் யாம் கேட்டோம்: "அண்ணா, அப்படியெனில் கையைக் கட்டியவன்?" அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின், "அவனும் அந்த அமைப்பின் விளைவுதான்" என்றார். பெட்டிமுடிப் பெரியவர் தோளைத் தொட்டது எமக்கு நினைவுக்கு வந்தது. அவர் வினை என்றார், இவர் அமைப்பு என்றார். அடித்தவன் இருவர் பேச்சிலும் காணாமற் போனான். கடவுளின் பெயரால் நடந்த கொலைகளை இந்திய மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1947ஐ நம் பாட்டன்மார் கண்டனர். கடவுளை மறுத்த ஆட்சி கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை செய்ததும் அதற்குக் குறைந்ததன்று. இரு சாராரும் மற்றவர் பட்டியலை மட்டுமே மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றார்கள்.

வழக்கு மண்ணார்க்காட்டுத் தனி நீதிமன்றத்தில் நடந்தது. அவர் தாயும் சகோதரியும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினர். அரசுத்தரப்புச் சாட்சிகள் 127 பேர். அவருள் 24 பேர் பிறழ்ந்தனர். சாட்சிகளைக் கலைத்தனர் என்று 2022 ஆகஸ்டில் எதிரிகளுட் பலரது பிணை இரத்தாயிற்று. அடுத்த மாதம் ஒரு சாட்சி கூண்டேறினார். அவர் மது தாக்கப்பட்டபோது அவ்விடத்தில் நின்றவர். நிற்பது படத்தில் தெரிகின்றது. நீதிமன்றத்தில் அப்படத்தை ஓடவிட்டுக் கேட்டபோது, தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். மற்றையோர் அனைவர்க்கும் தெரிந்தது. நீதிபதி அவர் கண்ணைப் பரிசோதிக்க ஆணையிட்டார். மருத்துவர் பார்த்து, பார்வையில் குறை ஒன்றும் இல்லை என்று அறிக்கை தந்தார்.

அன்பர்களே, சாட்சிக் கூண்டில் ஏறுவோர்க்கு நம் சட்டம் இரண்டு வழி வைத்திருக்கின்றது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அவ்வாறு இட விரும்பாதவர் உறுதிமொழி மட்டும் கூறலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒப்புக்கொள்கின்றது. ஆத்திகர்க்கும் நாத்திகர்க்கும் அக்கூண்டில் ஒரே அளவு இடம். எபிகூரசு கேட்டது, கடவுள் கண்டும் ஏன் வாளாவிருந்தார் என்பது. மண்ணார்க்காட்டில் கேட்கப்பட்டது, நீ கண்டும் ஏன் வாளாவிருக்கின்றாய் என்பது. முதற் கேள்விக்கு விடை கூற முடியாமைக்காக எவரும் நம்மைக் குற்றம் சொல்லார்.

2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பதினாறு பேரில் 14 பேர் குற்றவாளிகள் எனவும், இருவர் குற்றமற்றவர் எனவும் நீதிமன்றம் கூறிற்று. பதின்மூவர்க்கு ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. பிறழாது நின்ற சாட்சிகள் எவ்வெச்சமயத்தவர், அவருள் நாத்திகர் உண்டோ என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை. யாமும் வினவவில்லை.

விவிலியத்தில் யோபு என்பவர் வரலாறு உண்டு. நல்லவர், எல்லாம் இழந்தவர். நண்பர் மூவர் வந்து ஏழு நாள் அவரோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தனர். அதுவரை நன்று. பிறகு வாய் திறந்து, உன் பாவமே காரணம் என்று விளக்கத் தொடங்கினர். முடிவில் இறைவனின் சினம் அம்மூவர்மேல் பாய்கின்றது. இறைவனோடு வழக்கிட்ட யோபு மேலன்று. எம்முடன் பணிபுரியும் இசுலாமிய நண்பர் தம் நபிகளார் கூறியதாக ஒன்று சொன்னார்: தீமையைக் கண்டவன் கையால் தடுக்க வேண்டும், இயலாதவன் நாவால், அதுவும் இயலாதவன் உள்ளத்தாலேனும் வெறுக்க வேண்டும், ஆனால் மூன்றாவது மிகத் தளர்ந்த நிலை என்று. அதைக் கேட்ட அன்று எமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைக் கூறிவிடுகின்றோம்.

பதினேழு, பதினெட்டு ஆண்டுகட்கு முன் யாம் ஒரு சிறிய நிலையத்தில் பயணச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தோம். உச்சிவேளை. நடைமேடையில் பெண்ணொருத்தியின் பை காணாமற் போயிற்று. அங்கே அழுக்குத் துணியோடு திரிந்த ஒருவனைப் பிடித்துத் தூணோடு துண்டால் கட்டினார்கள். முதலில் கேள்வி, பிறகு அறை, பிறகு யார் கையில் எது இருந்ததோ அது. எம் சாளரத்திலிருந்து அத்தூண் இருபதடி இருக்கும். வண்டி வரப் பத்து நிமிடம். வரிசையில் பதினைந்து பேர். நடைமேடையில் கடலை விற்கும் பாட்டி ஒருத்தி சாளரத்தருகே வந்து, "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க" என்றாள். யாம், "அது போலீஸ் வேலை, பாட்டி" என்றோம். பிறகு, வெயில் படுகின்றது என்று எமக்கு யாமே கூறிக்கொண்டு, சாளரத்தின் பலகையைப் பாதி இறக்கினோம். வண்டி வந்தது. அடித்தவர்கள் அதில் ஏறிச் சென்றனர். அவர்கள் கையிலிருந்த சீட்டுகள் யாம் கொடுத்தவையே. கட்டை அவிழ்த்துவிட்டது அந்தப் பாட்டிதான். அவன் காலை இழுத்துக்கொண்டு இருப்புப்பாதை ஓரமாகப் போனான். பை கிடைத்ததா என்று யாம் கேட்கவும் இல்லை. அன்று மாலைப் பணக்கணக்கு ஒரு காசும் பிசகாமல் ஒத்திருந்தது.

எங்கள் துறையில் கண் பரிசோதனையின்றி எவரையும் வேலைக்கு எடுப்பதில்லை. எமக்கும் செய்தார்கள், குறை ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்தார்கள். மண்ணார்க்காட்டுச் செய்தி வந்த நாளில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தோம்.

அந்தப் பாட்டி அதன்பின்னும் சில ஆண்டுகள் அதே நடைமேடையில் கடலை விற்றாள். எம்மிடம் சீட்டு வாங்க வரும்போது சில்லறையை எண்ணிச் சரியாக வைப்பாள். அன்றைய செய்தியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டாளில்லை. யாமும் கூறவில்லை. இன்று உங்கள் முன் கூறினோம்.